காப்பு கட்டியிருந்த வாரம் வந்த டைரக்டர்

எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு டைரக்டர். மற்ற வீடுகளில் ஹீரோவுக்காகச் சண்டை போடுவார்கள். எங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. என் மாமனார் பாகூர் பக்கம் ஒரு சினிமா கொட்டாயில் டிக்கெட் கிழித்தவர். "டைட்டில்ல கடைசியா எந்தப் பேரு வருதோ, அவன்தான் படத்துக்கு அப்பன். மூஞ்சியப் பாக்காதீங்கடா, பேரப் பாருங்க" என்று சொல்லியே பிள்ளைகளை வளர்த்தார். கொட்டாய் கல்யாண மண்டபம் ஆகிவிட்டது. மாமனாரும் போய்விட்டார். இப்போது போனில்தான் படம் பார்க்கிறோம், ஆனாலும் அந்தப் பேருக்காகச் சண்டை போடுவது மட்டும் போகவில்லை.

என் வீட்டுக்காரர் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறார். அவருக்கு அருவாள் படம் எடுக்கிற டைரக்டர். கொழுந்தனுக்குக் காமெடி டைரக்டர். கொழுந்தன் பெண்டாட்டி, அதாவது என் ஓரகத்திக்கு, காதல் படம் எடுக்கிறவர். எனக்கு அம்மன் படம் எடுத்தவர்.

ஓரகத்தி வீடும் எங்கள் வீடும் ஒரே சுவர். நடுவில் ஒரு முற்றம், ஒரு குழாய். துணி துவைக்கும்போதெல்லாம் அவள் ஆரம்பிப்பாள்.

"அம்மன் படம் எடுக்கிறவருலாம் ஒரு டைரக்டராக்கா? ஒரு பாம்பு, ரெண்டு எலுமிச்சம்பழம், நாலு கிராபிக்ஸ். முடிஞ்சுது கதை."

"உன் ஆளு மட்டும் இன்னாவாம்? மழை வரலன்னா அவருக்குப் படமே வராது. அவரு டைரக்டரு இல்லடி, தண்ணி லாரி வச்சிருக்கிறவரு."

அவள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஆனால் எனக்கு உள்ளே சுருக்கென்று இருக்கும்.

அவள் சொல்வது மாதிரி இல்லை என் டைரக்டர். அவர் படத்தில் அம்மன் ஆகாயத்திலிருந்து இறங்க மாட்டாள். கொல்லைப்பக்கமாக வருவாள். முதலில் காலைத்தான் காட்டுவார். சேறு ஒட்டின கால், வெடிப்பு விழுந்த குதிகால். நம்மைப் போல நடவுக்குப் போய்த் திரும்புகிற பொம்பளை கால். அதற்கப்புறம்தான் முகம்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதுகிறேன். எனக்கு முதலில் பிறந்த பிள்ளை ஒன்பதாம் நாள் போய்விட்டது. அன்றைக்கு அணைத்த சாமி விளக்கை நான் ஒரு வருஷம் ஏற்றவில்லை. அம்மன் படத்தைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். வீட்டில் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் மாமனார் கொட்டாய்க்கு வரச் சொன்னார் என்று போனேன். என் டைரக்டர் எடுத்த படம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒருத்தி என்னைப் போலவே விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு சேற்றுக்காலோடு ஒரு பொம்பளை வந்து தரையில் உட்காருவாள். பிள்ளையைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லவில்லை. கண்ணைத் துடைக்கவும் இல்லை. "பசிக்குது. கஞ்சித்தண்ணி இருந்தா குடு" என்பாள். இருட்டில் சொம்பு தெரியாமல் இவள் விளக்கை ஏற்றுவாள்.

அவ்வளவுதான் அந்த இடம். நான் வீட்டுக்கு வந்து விளக்கை ஏற்றினேன். அப்புறம் ஒரு நாளும் தவறவில்லை. இந்த மனுஷரை என்றைக்காவது நேரில் பார்த்தால் இதை ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று இருபது வருஷத்துக்கு மேல் மனதில் வைத்திருந்தேன்.

போன வருஷம், என் பெண்ணுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனால் தீ மிதிக்கிறேன் என்று எங்கள் ஊர் அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். பேத்தி பிறந்தாள். திருவிழாவுக்குக் காப்பு கட்டினார்கள், நானும் கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டேன். காப்பு கட்டிவிட்டால் தீ மிதித்து அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி, எழவு வீடாக இருந்தாலும் சரி, தாண்டக் கூடாது.

காப்பு கட்டின நாலாம் நாள், ஓரகத்தி குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"அக்கா, உன் ஆளு வந்துக்கீறாரு! மணப்பட்டு கடற்கரையில சீரியல் எடுக்கிறாங்களாம். இன்னிக்கும் நாளைக்கும்தானாம்."

என் கையிலிருந்த முறம் சாய்ந்து அரிசி கொட்டியது. மணப்பட்டு எங்களுக்கு ஸ்கூட்டியில் கால் மணி நேரம்.

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். "காப்பு கட்டிக்கினு எல்லை தாண்டுவியா? பச்சப்புள்ளைக்காக வேண்டுன வேண்டுதல்டி."

"நான் இன்னா சொன்னேன் இப்போ?"

"நீ ஒன்னும் சொல்லல. கால் சொல்லுது."

உண்மைதான். வேலை ஓடாமல் கிழக்கே நடந்தேன். அந்தப் பக்கம் எங்கள் ஊருக்கு எல்லை வாய்க்கால் மதகு. மதகுக்கு அந்தாண்டை கரும்பு வயல், அடுத்த ஊர். பூசாரி அங்கே வேப்பிலை பறித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இந்த மதகு நம்ம ஊரா, அந்த ஊரா?"

"பாதி நம்மளுது, பாதி அவங்களுது. ஏம்மா?"

"சும்மா கேட்டேங்க."

மதகின் பாதி வரைக்கும் போய் நின்றேன். அங்கிருந்து கடல் தெரியாது. கரும்புதான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அம்மா, இந்த ஒரு வாரம்தானா உனக்குக் கிடைத்தது என்று கேட்டேன்.

பின்னால் ஸ்கூட்டி சத்தம். எங்கள் தெரு டெய்லர் பொண்ணு ஓட்ட, பின்னால் என் ஓரகத்தி. பூ வைத்து, நல்ல சேலை கட்டியிருந்தாள்.

"நீ எங்கடி கிளம்பிட்ட? பாம்பும் எலுமிச்சம்பழமும் எடுக்கிறவராச்சே?"

"ஷூட்டிங் பாக்கதான் போறேன். உனக்கு இன்னா சொல்லணும் சொல்லு, சொல்லிட்டு வரேன்."

எனக்கு வேறு வழியில்லை. அவளை இறக்கி, மதகு ஓரத்தில் நிறுத்தி, முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். ஒன்பது நாள் பிள்ளை, அணைத்த விளக்கு, கஞ்சித்தண்ணி. "திருப்பிச் சொல்லு" என்றேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். "எங்கக்கா சொல்லச் சொன்னாங்கன்னு சொல்லு. தீ மிதிக்கிறதால வர முடியலன்னு சொல்லு." தலையாட்டிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் வந்தவள், "சொல்லிட்டேன்க்கா. ரொம்ப சந்தோசப்பட்டாரு" என்றாள். ஒரு போட்டோ காட்டினாள். வெள்ளைத் தாடியோடு நாற்காலியில் அவர், பக்கத்தில் இவள். அவள் கண் வீங்கியிருந்தது. கடல் காற்று என்று நினைத்தேன். போட்டோவைப் பார்த்ததற்கே எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் என் பேச்சு அவர் காதில் விழுந்துவிட்டதே என்று விளக்கேற்றிக் கும்பிட்டேன்.

மறுநாள் டெய்லர் பொண்ணு எங்கள் மகளிர் குழு வாட்ஸப்பில் ஒரு வீடியோ போட்டாள். சமையல்கட்டில் நின்றுகொண்டு பார்த்தேன். என் ஓரகத்தி அவர் எதிரில் நிற்கிறாள். "எனக்கு மொதல்ல பொறந்த புள்ள ஒம்பதாம் நாள் போயிடுச்சுங்க சார்" என்கிறாள். என் விளக்கு, என் ஒரு வருஷம், எல்லாம் அவளுடையதாக வருகிறது. தீ மிதிக்கப் போவதும் அவள்தான். சொல்லும்போதே அழுகிறாள். அவர் எழுந்து அவள் தலையில் கை வைக்கிறார். அவருக்கும் கண் கலங்குகிறது. "தீ மிதிச்சு முடிச்சிட்டு எனக்கு ஒரு போன் பண்ணும்மா" என்கிறார்.

குழுவில் ஒருத்தி கேட்டிருந்தாள். "இவளுக்கு ஏது புள்ள?" அதற்கு இன்னொருத்தி, "சீரியல்ல சான்ஸ் கிடைக்கும்னு நடிச்சிருப்பா" என்று சிரிக்கிற பொம்மை போட்டிருந்தாள்.

ஆமாம். என் ஓரகத்திக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், ஒரு மாதம்கூடத் தள்ளிப்போனதில்லை.

குழாயடிக்குப் போனேன். "என் புள்ளைய எடுத்துக்கினு போயிட்டியேடி" என்று கேட்டேன்.

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "எங்கக்கா சொன்னாங்கன்னுதான் ஆரம்பிச்சேன். அங்க ஒருத்தன், 'யாரோ சொன்ன கதையெல்லாம் எதுக்கும்மா, நகரு நகரு'ன்னு தள்ளினான். அதான் எனக்குன்னு சொன்னேன். இல்லன்னா அவரு காதுலயே போயிருக்காது."

"சரி, சொன்ன. அழுதது எதுக்கு?"

ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "என் புள்ளன்னு வாய்ல வந்தவொடனே நிஜமா ஒன்னு இருந்து போன மாரி ஆயிடுச்சுக்கா. எனக்கு அடக்க முடியல."

இதைக் கேட்டும் என் மனம் இளகவில்லை. அதை மறைத்து எழுதினால் அம்மனுக்கே பொறுக்காது. பிள்ளை இல்லாதவள்மேல் போய்ப் பொறாமைப்படுகிறாயே என்று என்னை நானே திட்டினேன். திட்டத் திட்ட அந்தக் கைதான் கண்ணில் வந்தது. வெள்ளை முடி படர்ந்த அந்தக் கை என் தலைமேல் இருக்க வேண்டியது. பொங்கல் வைக்கும்போதும் அதே நினைப்பு, கூழ் ஊற்றும்போதும் அதே நினைப்பு. மனதில் கசடு வைத்துக்கொண்டு இறங்கினால் தீ காட்டிக்கொடுத்துவிடும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். "அம்மா, இதை எடுத்துடு, இல்லன்னா என்னை இறங்க விடாதே" என்று மூன்று நாள் கேட்டேன். அவள் எடுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

தீ மிதிக்கிற அன்று சாயங்காலம் கரகம் முன்னே போனது. மஞ்சள் சேலையோடு வரிசையில் நின்றேன். நெருப்பைப் பார்க்கும்போதாவது அம்மன் முகம் வரும் என்று இருந்தேன். வந்தது வீடியோதான். அப்படியே இறங்கிவிட்டேன். நாலாவது எட்டில் இடது காலில் சுளீரென்றது. ஓடி வந்து தீக்குழி முடிவில் இருந்த பால் குழியில் காலை வைத்தேன்.

மிதித்து வருகிறவர்களின் பாதத்தைப் பார்க்க எங்கள் ஊர்ப் பெண்கள் முண்டியடிப்பார்கள். யாருக்குச் சுட்டது, யாருக்குச் சுடவில்லை என்பது ஒரு வருஷத்துக்குப் பேச்சு. முதல் ஆளாக மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு வந்து குனிந்தவள் என் ஓரகத்தி. என் இடது காலைத் தூக்கிப் பார்த்தாள். கொப்புளம் அவள் கண்ணில் பட்டதை நான் பார்த்தேன். ஒரு கை மஞ்சளை அள்ளி அதன்மேல் அப்பினாள்.

"இன்னாடி, சுட்டுதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"எங்கக்காவையா சுடும்? பூ மாரி கீது பாதம்" என்றாள், நிமிராமலே.

எல்லாரும் குலவை போட்டார்கள். இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல எனக்கு வராது. அந்தச் சாமர்த்தியத்தின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

மறுநாள் காப்பு அவிழ்த்தார்கள். நொண்டாமல் வீடு வந்து சேர்ந்தேன். ஓரகத்தி போனோடு வந்து கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள்.

"ஷூட்டிங்ல அவரு ஆளுங்க குடுத்த நம்பர் இது. நீயே பேசு. நான் பொய் சொன்னேன்னு சொல்லிடுக்கா. என்னைத் திட்டட்டும், பரவால்ல."

நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு, துணிக்கல்லில் போய் உட்கார்ந்துகொண்டாள். யாரோ எடுத்தார்கள். பாகூர் பக்கம், தீ மிதி என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல்.

"மணப்பட்டுல பார்த்தேனே, அந்த அம்மாதானே? தீ மிதிச்சாச்சா?"

நான் ஓரகத்தியைப் பார்த்தேன். சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொன்னால் அவர் கை வைத்த தலை பொய்க்காரியின் தலையாகிவிடும். சொல்லாவிட்டால் அவருக்கு என்னைத் தெரியாமலே போய்விடும்.

"மிதிச்சாச்சுங்க" என்றேன்.

"காலெல்லாம் நல்லா இருக்காம்மா?"

"ஒரு கொப்புளம்ங்க. யாருக்கும் தெரியாது."

சிரித்தார். "ஆறிடும். அந்த வெளக்கு?"

"அன்னிலேர்ந்து ஏத்துறேங்க. ஒரு நாளும் விட்டதில்லீங்க."

அவர் மெதுவாகச் சொன்னார். "அந்தக் கஞ்சித்தண்ணி இடத்தை வெட்டிடுன்னு எல்லாரும் சொன்னாங்கம்மா. படம் நிக்குதுன்னு சொன்னாங்க. எங்க அம்மா அப்படித்தான் ஒரு தடவை வெளக்க அணைச்சிட்டு உக்காந்திருந்தாங்க. அதனால வெட்டல. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"நல்லா இருங்க சார்" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் எழுந்து வந்தாள்.

"சொல்லிட்டியாக்கா?"

"உன்னைப் பத்தி ஒன்னும் சொல்லல."

அவள் முகத்தில் பயம் போய் வேறொன்று வந்தது. "அவரு இன்னா சொன்னாரு? ரொம்ப நேரம் பேசினாரே?"

"சும்மா. கால் எப்படி கீதுன்னு கேட்டாரு."

"அதுக்கா உன் கண்ணு கலங்குச்சு? இன்னா சொன்னாரு, சொல்லுக்கா."

நான் சொல்லவில்லை. அவள் என் பின்னாலேயே சமையல்கட்டு வரைக்கும் வந்தாள், போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டே. அவர் மனதில் இருப்பது அவள் முகம். அதை என்னால் மாற்ற முடியாது. ஆனால் அந்த வெட்டாத இடம் என்னிடம் இருக்கிறது. இப்போதும் குழாயடியில் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுக் கேட்பாள், "அன்னிக்கு அவரு இன்னாதான்கா சொன்னாரு?" என்று. சாயங்காலம் விளக்கேற்றும்போது, இன்றைக்காவது சொல்லிவிடலாமா என்று அம்மனைக் கேட்கிறேன். கேட்டுவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நானே எழுந்துவிடுகிறேன்.