அஞ்சு தடவ ஷிஃப்ட்

அக்காவோட கீபோர்டு ஒரு துணிக்கடை கவர்ல வீட்டுக்கு வந்துச்சு. கூட அவ டிபன் பாக்ஸ், ஒரு சால்வை, பாதி தீர்ந்த தைல டப்பி. அவ வேலை பாத்த ரிசார்ட்டோட பின்பக்க ரூம்ல அவளோடதுன்னு எடுத்துக் கொடுக்க அவ்வளவுதான் இருந்துச்சு. கீபோர்ட மடியில வச்சு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். இடது பக்கத்து ஷிஃப்ட்டுல எழுத்து அழிஞ்சு, நடுவுல லேசா குழி விழுந்து, எண்ணெய் தேய்ச்ச மாதிரி பளபளன்னு கிடக்கு. வலது பக்கத்து ஷிஃப்ட் அவ சொந்தக் காசுல வாங்குன அன்னைக்கு எப்படியோ அப்படியே இருக்கு, ஒரு விரல் படல. அவ எப்படி வாழ்ந்தான்னு இதுக்கு மேல யாரும் எனக்கு விளக்க வேண்டாம்.

நான் எட்டாவதோட படிப்ப விட்டவன். சூரியநெல்லில டூரிஸ்ட் ஜீப் ஓட்டுறேன். எழுதுறது எனக்குப் பழக்கமில்ல. ஆனா அக்கா செத்த பதினாறாம் நாளு தோட்டத்து வரிசை வீடு, எங்க லயத்து வாசல்ல நின்னு அந்த ரிசார்ட் மேனேஜர் சார் ஒரு வார்த்தை சொன்னாரு. "ரொம்ப அடக்கமான பொண்ணு. முன்னாடி வரவே மாட்டா. பின்னாடி இருக்கதுதான் அவளுக்கு இஷ்டம்." எல்லாரும் தலையாட்டுனாங்க. எங்கம்மாவும் ஆட்டுச்சு. அந்த வார்த்தைய என்னால முழுங்க முடியல. அதான் எழுதுறேன்.

அக்காவுக்கு நாலு வயசு இருக்கும்போது கஞ்சிப்பானை கவுந்து வலது கை வெந்துபோச்சு. புண்ணு ஆறுனப்போ மூணு விரலு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. தேயிலைக் கொழுந்து கிள்ள ரெண்டு கையும் ஓடணும், அதனால தோட்டத்து வேலை அவளுக்குக் கிடையாதுன்னு அப்பவே முடிவாயிடுச்சு. கொழுந்துக்கும் ஆகாது, கல்யாணத்துக்கும் ஆகாதுன்னு அம்மா அவ முன்னாடியே சொல்லும். அவ பிளஸ் டூ முடிச்சுட்டு, ஆன்லைன்ல அப்ளிகேஷன் போட்டுக் கொடுக்கிற ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல போயி உக்காந்தா.

அங்க மொத நாளே மவுஸ் பிரச்சனை. மவுஸ இடது கையில வச்சுக்கோன்னு ஆளாளுக்கு யோசனை சொன்னாங்க. இருக்கிறது ஒரே கை, அத மவுஸுக்குக் கொடுத்தா எழுத்தடிக்க யாரு வருவான்னு யாரும் யோசிக்கல. அவ மவுஸ ஓரமா தள்ளி வச்சா. டேப் அமுக்குனா அடுத்த கட்டத்துக்குப் போகும். ஷிஃப்ட்டோட சேத்து டேப் அமுக்குனா பழைய கட்டத்துக்குத் திரும்பி வரும். டிக் போடுற கட்டத்துல நின்னு ஸ்பேஸ் தட்டுனா டிக் விழும். மாவட்டம், தாலுகான்னு நீளமா லிஸ்ட் வந்தா உருட்டிக்கிட்டே இருக்க வேண்டாம், மொத எழுத்த அடிச்சா அங்கேயே போயி நிக்கும். இதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. ஒவ்வொரு கட்டையா அமுக்கி, என்ன நடக்குதுன்னு பாத்து, ஒரு பழைய டைரியில எழுதி வச்சுக்கிட்டா.

எங்க ஆளுங்களுக்கு அப்ளிகேஷன் போடுறதுல ஒரு பெரிய தொந்தரவு வீட்டுப்பேரு. கேரளாவுல எந்த ஃபாரம் எடுத்தாலும் வீட்டுப்பேரு கேக்கும், அத விட்டா கட்டம் செவப்பாயிடும், மேல நகராது. லயத்துல இருக்கிறவனுக்கு ஏது வீட்டுப்பேரு. ஒரு நாளு பக்கத்து லயத்து மாமா ஒருத்தரு கோபமா, "எங்க வீட்டுக்கு ஏதும்மா பேரு, நாய்க்குத்தான் பேரு இருக்கு" அப்படின்னாரு. "அப்போ நாய் பேரையே போட்டுருவமா மாமா, அதுவும் அங்கனதான இருக்கு"ன்னா அக்கா. சென்டரே சிரிச்சுச்சு. அப்புறம் தோட்டத்து டிவிஷன் பேரு, லயத்து நம்பரு, ரெண்டையும் சேத்து ஒரு வீட்டுப்பேரா ஆக்குனா. ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒண்ணு காப்பி பண்ணி வச்சிருப்பா. விண்டோஸ் கட்டையோட வி அமுக்குனா, அதுக்கு முன்னாடி காப்பி பண்ணதெல்லாம் வரிசையா வந்து நிக்கும், வேணுங்கிறத எடுத்துக்கலாம். மொத தடவ அமுக்கும்போது ஆன் பண்ணவான்னு கேக்கும், சரின்னு கொடுக்கணும். நிறைய பேருக்கு இது இன்னும் தெரியாது.

அப்புறம்தான் அந்த ரிசார்ட். புக்கிங் எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துற ஜோலி. சமையக்கட்டுக்குப் பின்னால ஒரு ஜன்னல் இல்லாத ரூம். அங்கதான் ஷிஃப்ட் கதை ஆரம்பிச்சுச்சு.

கன்ட்ரோலும் சி-யும் ஒரு கைக்கு எட்டும். இடது கைய விரிச்சு, இடது பக்கத்து கன்ட்ரோலையும் பி-யையும் ஒண்ணா அமுக்கிப் பாருங்க. பிரிண்ட் எடுக்க அதுதான் வழி. எட்டாது. அவளுக்கு அதுக்கு ஒரு வழி கிடைச்சுச்சு. ஷிஃப்ட்ட விட்டு விட்டு அஞ்சு தடவ தட்டுனா ஒரு பொட்டி வரும். என்னமோ ஆன் பண்ணவான்னு கேக்கும். உங்க எல்லாருக்கும் வந்திருக்கும். எல்லாரும் எரிச்சலாயி வேண்டாம்னு கொடுத்திருப்பீங்க. அக்கா ஆமான்னு கொடுத்தா. அதுக்கப்புறம் ரெண்டு கட்டையச் சேத்து அமுக்க வேண்டியதில்ல. கன்ட்ரோல தட்டி விட்டுடலாம், டிக்னு ஒரு சத்தம் வரும், அடுத்த கட்டைய நீங்க மெதுவா தேடி அமுக்குற வரைக்கும் அது காத்துக்கிட்டு இருக்கும். ஒத்தக் கைக்காரங்களுக்குன்னே அத யாரோ எங்கயோ உக்காந்து யோசிச்சு வச்சிருக்காங்க. "பாத்தியாடா, என்னைய மாதிரி ஒருத்திய அவனுக்குத் தெரிஞ்சிருக்கு"ன்னா. அன்னைக்கு அவ மொகத்துல இருந்த சந்தோஷம் கல்யாண வீட்டுல கூட நான் பாத்ததில்ல.

ஆனா அந்த சிஸ்டத்துல மத்தவங்களும் ரிசார்ட் கீபோர்ட மாட்டி வேலை பாப்பாங்க. ரெண்டு கையால சேத்து அமுக்குறவங்க கை பட்டா அது தானா அணைஞ்சிரும். தெனமும் அவ திரும்பத் திரும்ப அஞ்சு தடவ தட்டுவா. ஒரு நாளு ஒருத்தரு தெரியாம கன்ட்ரோல தட்டிட்டு டபிள்யூன்னு எழுத்தடிச்சாரு, பாதி ஏத்துன புக்கிங் பக்கம் மூடிக்கிச்சு. கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூணையும் அமுக்குனா மூடுன பக்கம் திரும்ப வரும். அக்கா வரவச்சும் கொடுத்தா. அது கணக்குல வரல. மேனேஜர் சாரு எல்லாரு முன்னாலயும் கூப்பிட்டு, "மோளே, சிஸ்டம் கேடாக்கல்லே"ன்னாரு. சிஸ்டத்தக் கெடுக்காத மகளேன்னு. வைரஸ் விட்டுட்டான்னு ஒருத்தன் சொன்னான். ரிப்பேருக்கு ஆள் வந்து பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு போனான். அப்பவும் பேச்சு நிக்கல.

அப்புறம் ஒரு லீவு நாளு. ரோடு முழுக்க வண்டி, மூணாறு வரைக்கும் நகரல. ரிசப்ஷன்ல மவுஸ் செத்துருச்சு. வேற வாங்கிட்டு வர வழியில்ல. லாபி நெறைய ஆளு, குழந்தைங்க அழுகுது. ரிசப்ஷன் சேச்சி மவுஸ மேசையில தட்டிக்கிட்டே கண்ணு கலங்கி நிக்குது. அக்காவக் கூப்பிட்டாங்க. அவ கீபோர்ட கக்கத்துல இடுக்கிக்கிட்டு முன்பக்கம் வந்தா. சேச்சியே என்கிட்ட சொல்லுச்சு. "கன்ட்ரோல் எஃப் போட்டு பேரு தேடுறா, டேப் டேப்னு போறா, என்டர் தட்டுறா, அடுத்தாளுங்கிறா. ஒரு மணிக்கூர்ல லாபி காலி. நான் சாவி எடுத்துக் கொடுக்கதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கிருச்சு." வயசான ஒரு அம்மாவுக்கு ஸ்க்ரீன்ல அவங்க பேரு சரியான்னு பாக்கத் தெரியல. கன்ட்ரோலும் பிளஸ்ஸும் போட்டு எழுத்தப் பெருசாக்கிக் காட்டுனாளாம்.

மறுநாளு மேனேஜர் சாரு இதெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதித் தான்னு கேட்டாரு. அக்கா எங்க வீட்டு அடுக்களையில உக்காந்து இடது கையால எழுதுனா. இருபது வழி. மொத வழியா அந்த அஞ்சு ஷிஃப்ட்டதான் எழுதுனா. நான் பக்கத்துல இருந்து பாத்தேன். எழுந்திரிச்சுப் போகும்போது விண்டோஸும் எல்லும் தட்டிப் பூட்டிட்டுப் போ, தப்பாயிடுச்சுன்னா பதறாத கன்ட்ரோல் இஜட் இருக்கு, இப்படி ஒவ்வொண்ணா. பேப்பரக் கொடுக்கும்போது, ரிசப்ஷன்ல ஒரு ஆள் வேணும்ங்கிறாங்களே, நான் நிக்கட்டுமா சார்னு கேட்டிருக்கா. அவரு, "அது வேற மோளே. கெஸ்ட் மொதல்ல பாக்கிற எடமில்லையா அது" அப்படின்னாராம். சொல்லும்போது அவ கையப் பாத்தாராம், ஒரு நொடிதான். "கைன்னு சொல்லலடா. வாயில சொல்லியிருந்தா நாலு வார்த்தை கேட்டிருப்பேன்"ன்னா அக்கா. அடுத்த நாள்ல இருந்து அவ சால்வை போத்த ஆரம்பிச்சா. நான் குளிருக்குன்னு நெனச்சேன். மூணாறு குளிர்ல பொறந்து வளந்தவ, அதுக்கு முன்னாடி ஒரு நாளும் சால்வை தொட்டதில்ல. எனக்கு அது ஏன் தோணல.

என்னையும் சும்மா விட முடியாது. வீட்டுல ஒரு பழைய லேப்டாப் இருக்கு, நான் ஜீப் டிரிப் எழுதி வைக்கிறது அதுல. அவ வேலை பாத்துட்டு எந்திரிச்சா டிக் டிக்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். "இந்த எழவ எதுக்கு ஆன் பண்ணி வைக்கிற, மனுசன் வேலை பாக்க வேண்டாமா"ன்னு கத்தி அணைப்பேன். எத்தன தடவன்னு எண்ணிக்கையே இல்ல. ஒரு தடவ மட்டும் அவ திரும்பிச் சொன்னா. "ஒரு பொட்டி கேக்குது, ஆமான்னு சொல்ல ஒனக்கு என்னலே கேடு." நான் சிரிச்சேன். அவ சிரிக்கல.

மஞ்சக்காமாலை. பன்னெண்டு நாளு. அத எழுத என்னால முடியாது.

பதினாறு முடிஞ்சு அவ சாமான வாங்க ரிசார்ட்டுக்குப் போனேன். சேச்சி உள்ள போயி கவர எடுத்துட்டு வர்றதுக்குள்ள ரிசப்ஷன் சுவத்தப் பாத்தேன். லாமினேஷன் பண்ணி ஒரு பேப்பர் ஒட்டியிருக்கு. எல்லாம் அக்கா எழுதுன வழி. மலையாளத்துல ஆக்கி அழகா அடிச்சிருக்காங்க. அடியில தயாராக்குனதுன்னு போட்டு மேனேஜர் பேரு. எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். எண்ணிப் பாத்தேன், பத்தொம்பது. திரும்பவும் எண்ணுனேன். மொத வழியக் காணோம். அவளோடதுல அவளுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அத மட்டும் வெட்டி எறிஞ்சுட்டு மிச்சத்தத் தன் பேருல ஒட்டியிருக்காரு.

"சிஸ்டம் கேடாகும்னு சாரு எடுத்துட்டாருடா" அப்படின்னுச்சு சேச்சி, மெதுவா, என் மொகத்தப் பாக்காம.

மேசையில இருந்த பேனாவ எடுத்தேன். "அது நிக்காதுடா, லாமினேஷன்ல துடைச்சா போயிடும்"னுச்சு சேச்சி. போனாப் போகட்டும். ஒண்ணாம் நம்பருக்கு மேல காலியா இருந்த எடத்துல தமிழ்ல எழுதுனேன். ஷிஃப்ட் அஞ்சு தடவ, ஆமான்னு கொடு. அடியில அக்கா பேரு. எழுதி முடிக்கும்போது மேனேஜர் சாரு வந்து பின்னால நின்னாரு.

"எந்தாடா அது?"

"ஒண்ணு விட்டுப்போச்சு சார்."

"அது வேண்டாம்னுதான் விட்டது. நல்லா இருக்கிற சிஸ்டத்துல எதுக்கு அது?"

"சார், ஒத்தக் கையால கன்ட்ரோலும் பி-யும் அமுக்குங்க, பாப்போம்."

அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. அப்புறம் என்ன நெனச்சாரோ, இடது கைய கீபோர்டு மேல விரிச்சாரு. சுண்டு விரல் கன்ட்ரோல்ல, பெருவிரல இழுத்து இழுத்துப் பாத்தாரு. எட்டல. சிரிச்சுட்டு, "இதுக்கு எதுக்கு கஷ்டப்படணும், ரெண்டு கை இருக்கில்லே"ன்னு சொல்லி வலது கையால பி-ய அமுக்குனாரு. என்டரும் தட்டுனாரு, பிரிண்டர் ஓட ஆரம்பிச்சுச்சு. தான் என்ன சொன்னோம்னு அவருக்குப் புரியவே இல்ல. சேச்சிக்குப் புரிஞ்சுச்சு, தலையக் குனிஞ்சுக்கிச்சு. நான் கவரத் தூக்கிக்கிட்டு வெளிய வந்துட்டேன். அடிக்கணும்னு கை வந்துச்சு. ஜீப்புல ஏறி ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன், ரெண்டு கையாலயும்.

நான் எழுதுனத இந்நேரம் துடைச்சிருப்பாங்க. அதனால இங்க எழுதுறேன், இத யாரும் துடைக்க முடியாது. பின்னாடி இருக்கது அவளுக்கு இஷ்டம் இல்ல சார். முன்னாடி நிக்கவான்னு அவ ஒங்க கிட்ட வாய் தொறந்து கேட்டா. நீங்கதான் வேண்டாம்னு கொடுத்தீங்க.

கீபோர்ட லேப்டாப்புல சொருகியிருக்கேன். குழி விழுந்த அந்த ஷிஃப்ட்டுல என் விரல் வச்சா கச்சிதமா உக்காருது. அஞ்சு தடவ தட்டுனேன். பொட்டி வந்து கேட்டுச்சு. ஆமான்னு கொடுத்தேன். இந்தக் கடைசி நாலு வரியையும் இடது கையால மட்டும்தான் அடிக்கிறேன், ரொம்ப நேரமாகுது, தோள் வலிக்குது. இத சேவ் பண்ணணும். கன்ட்ரோல தட்டிக் கைய எடுத்துட்டேன். டிக்னு ஒரு சத்தம். நான் எஸ் எங்க இருக்குன்னு தேடுற வரைக்கும் அது காத்துக்கிட்டு இருக்கு.