தொடையில் போட்ட சின்ன ஊசி

இன்று காலை ஆவடியில் என் பேத்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ, சிங்கக்குட்டி!

நர்ஸ் ஊசியோடு வந்தாள். "பொறந்தவொடனே இன்னாத்துக்குமா ஊசி?" என்றேன்.

"வைட்டமின் கே, பாட்டி. ரத்தம் உறைய இது வேணும். பொறந்த கொழந்தைக்கு ரொம்பக் கம்மியா இருக்கும். போடலன்னா சிலதுங்களுக்குத் தொப்புள்ல ரத்தம் கசியும், நிக்காது."

"தொப்புள்லயா?" என்று திரும்பக் கேட்டேன்.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால், கோவில்பதாகையில் வீட்டிலேயே பிறந்த என் தலைச்சன் பிள்ளைக்கு நாலாம் நாள் அப்படித்தான் கசிந்தது. துணி மாற்ற மாற்ற நனைந்தது.

முந்தின நாள்தான் எதிர்வீட்டு செல்லம்மா, "இன்னா செவப்பா கீறான்டி உன் புள்ள!" என்று கொஞ்சிவிட்டுப் போயிருந்தாள்.

"அவ கண்ணு பட்டுட்ச்சி," என்றார் மாமியார். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மிளகாய் சுற்றிப் போட்டோம். மறுநாள் பிள்ளை போய்விட்டான்.

"என் புள்ளய முழுங்கிட்டியேடி!" என்று தெருவில் நின்று கத்தினேன். அதன்பிறகு பிள்ளை பெற்ற எந்த வீடும் செல்லம்மாவை உள்ளே விடவில்லை. அவள் ஊரைவிட்டே போனாள்.

இப்போது திருமுல்லைவாயில் பக்கம் இருக்கிறாளாம். தெரிந்தவர்கள் விலாசம் அனுப்புங்கள், அவள் காலில் விழ வேண்டும்.

ஆனால் இந்தக் குழந்தையை அவளிடம் காட்டுவதை நினைத்தால், இவ்வளவு தெரிந்த பிறகும் என் கை அவன் முகத்தைத் துணியால் மூடுகிறது. நீங்களாக இருந்தால் காட்டுவீர்களா?