பால் பொங்கிய அறை

வேலை விட்டு வந்ததும் நேராக வீட்டின் பின்பக்கம் போவேன். குழாயடியில் தலைக்குக் குளித்து, உடுப்பை வாளியில் ஊறப்போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். எங்களில் செத்த வீட்டுக்குப் போய் வந்தவர்கள் செய்கிற காரியம் அது. முதல் நாள் என்னை அப்படிப் பார்த்த மதினி, அதாவது என் கணவரின் அக்கா, என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வாசலுக்கே ஓடி வந்து யார் செத்தது என்று பதறிப்போய்க் கேட்டார். யாருமில்லை, ஆபீஸில் தூசி என்றேன். மறுநாளும் நான் வாளியோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஒங்க ஆபீசுல தெனமும் ஒரு சாவா?" என்றார்.

மகளுக்கு அப்போது எட்டு மாதம். என் குரல் கேட்டதும் கையை நீட்டிக்கொண்டு அழுவாள். அவள் அழ அழ நான் அந்தக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டிருப்பேன். பகல் முழுதும் பிரிந்திருந்த பிள்ளையை இன்னும் கொஞ்சம் காக்க வைப்பது சரியா, இதெல்லாம் என் மனப்பிராந்தியா என்று ஒவ்வொரு வாளிக்கும் யோசிப்பேன். யோசித்துக்கொண்டே அடுத்த வாளியை நிரப்புவேன்.

நான் கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர். மடுல்கெல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, படித்து, பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்தவள். பிரசவ லீவு முடிந்து திரும்பியபோது, மகளுக்கான பாலைப் பீய்ச்சி எடுக்க எனக்கு இருந்த இடம் கழிவறைதான். போத்தலைத் தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் வைத்துக்கொண்டு, வெளியே யாரும் கதவைத் தட்டிவிடுவார்களோ என்று அவசர அவசரமாக எடுப்பேன். அதை ஒரு நாள் எங்கள் தலைமை எழுதுவினைஞர் பார்த்துவிட்டார். சிங்களப் பெண்மணி, ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். அலுவலகமே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். என்னை அவர் நங்கி என்பார், சிங்களத்தில் தங்கச்சி. அடுத்த நலன்புரிச் சங்கக் கூட்டத்தில், சித்திரைப் புத்தாண்டுக்கு முன் நடக்கும் சிரமதானத்தில், அதாவது கூலியில்லாமல் எல்லோரும் கூடிச் செய்யும் வேலையில், இந்த முறை ஆபீஸ் தோட்டம் துப்புரவாக்க வேண்டாம், மேல்மாடிக் கோடியில் இருக்கும் பழைய அறையை ஒதுக்கித் தாய்மாருக்குக் கொடுப்போம் என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த அறையின் சீலிங் உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. காட்டிலிருந்து வரும் குரங்குகள் எங்கள் கூரையில் பாயாத நாளில்லை. கூரையும் சீலிங்கும் அஸ்பெஸ்டஸ். நாங்கள் சீட் என்போம். சிரமதானத்தன்று ஆண்கள் உடைந்த சீட்டுகளைத் தடியால் இடித்து விழுத்தினார்கள். யாரோ மச்சானிடம் இரவல் வாங்கி வந்திருந்த கட்டிங் கிரைண்டரால் புதுச் சீட்டை அறைக்குள்ளேயே வைத்து அளவுக்கு வெட்டினார்கள். அரிசிமா சலித்தது போல வெள்ளையாகப் பறந்தது. நாங்கள் பெண்கள் பின்னாலேயே தும்புத்தடியால் கூட்டினோம். என் தலையைப் பார்த்து, ஒரு பிள்ளை பெற்றதற்கே கிழவியாகிவிட்டாள் என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று அப்படியே பஸ் ஏறி, அப்படியே வீட்டுக்கு வந்து, அப்படியே மகளைத் தூக்கிப் பால் கொடுத்தேன். அவள் என் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குடித்தாள்.

இரண்டொரு நாளில் அவளுக்கு இருமல். பஸ்ஸில் வரும்போது சீலிங் தூசி குழந்தைக்கு ஆகுமா என்று போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. தேடாமல் இருந்திருக்கவும் கூடாது. உடையாமல் கிடக்கும்வரை அந்தச் சீட் பெரிதாகத் தொந்தரவு செய்யாது, வெட்டும்போதும் இடிக்கும்போதும் காய்ந்தபடி கூட்டும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும், மூச்சோடு போய் நெஞ்சில் தங்கிவிடும், உடுப்பிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வரும் என்று இருந்தது. செய்யக் கூடாதது என்று வாசித்த ஒவ்வொன்றையும் நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு செய்திருந்தோம்.

கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் கேட்டேன். இது சாதாரணச் சளிதான், அந்த வருத்தமெல்லாம் உடனே வருவதில்லை, பத்து இருபது முப்பது வருடம் கழித்துத்தான் தெரியவரும், ஒரு நாள் தூசிக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம் என்றார். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம், தூசி பட்டால் குளித்து உடை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்கச் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். இருமலும் அந்த வாரமே போய்விட்டது. ஆனால் இருமல் போனது எனக்கு ஒன்றையும் நிரூபிக்கவில்லை. மகளுக்கு என் வயது வரும்போதல்லவா தெரியும்.

என் கணவர் கண்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. அவரையும் குழாயடிக்கு அனுப்பத் தொடங்கினேன். "கடையில தெனமும் சீட்டுத்தான் தூக்குறேன். சோத்த இனி வாசல்லயே போட்டுருவியா?" என்றார். அப்புறம் மேலே கையைக் காட்டினார். எங்கள் வாடகை வீட்டுக் குசினி அடுப்புக்கு மேலேயும் சீட்தான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் லயத்தில் தகரத்தைக் கழற்றி சீட் போட்டார்கள். மழை பெய்தாலும் இப்போது ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கிறது என்று அப்பா பெருமைப்பட்டார். எதிலிருந்து எங்கே ஓடுவது?

புத்தாண்டு முடிந்து அலுவலகம் திறந்த அன்று அறைக்குப் பால் பொங்க வைத்தார்கள். புது வீட்டுக்குப் பொங்குவது போலவே, புது மண்சட்டி, சின்ன அடுப்பு. திரைச்சீலையும் ஒரு சாய்வு கதிரையும் அக்கா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார். என்னைத்தான் அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார்கள். பால் பொங்கி யன்னல் பக்கமாக வழிந்தது. நல்ல திசை என்று கை தட்டினார்கள். அந்தத் திசையில் பார்த்தேன். யன்னல் விளிம்பில் வெள்ளையாக ஒரு தூசிப் படை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கும்பிட்டேன்.

பிறகு தினமும் அந்த அறைக்குப் போனேன். விளிம்பை ஈரத்துணியால் துடைத்தேன். துடைத்த துணியைக் கழுவினால் எங்கே போகும் என்று யோசித்து, ஈரத்தோடேயே பையில் போட்டு முடிச்சிட்டேன். யன்னலைத் திறந்தால் தூசி வெளியே போகுமா, காற்றில் இன்னும் கிளம்புமா? திறந்து பார்ப்பேன். மூடிவிடுவேன். மேலே குரங்கு பாயும் சத்தம் கேட்டால் போத்தலைச் சேலைத் தலைப்பால் மூடுவேன். பால் சரியாகச் சுரக்கவில்லை. வெளியே வந்தால், அறை வசதியாக இருக்கிறதா என்று யாராவது அன்பாகக் கேட்பார்கள். நல்ல வசதி என்பேன்.

என்ன சொல்வது? நீங்கள் எனக்காகக் கஷ்டப்பட்டுச் செய்தது நஞ்சு என்றா? அதுவும் நான், அந்த மாடியில் இருக்கும் ஒரே மலையகத் தமிழ்ப் பெண், அவ்வளவு செய்தவர்களைப் பார்த்து?

எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த முஸ்லிம் பெண் ஒருத்தி இருந்தாள். அக்குறணையிலிருந்து வருவாள், முதல் பிள்ளை, ஆறாம் மாதம். ஒரு நாள் மத்தியானம் அவளுக்குத் தலைசுற்றியது. அக்கா உடனே அந்த அறையில் பாய் விரித்துவிட்டு, இனி தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே படுக்கச் சொன்னார். அவள் தரையில் கையை ஊன்றி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் பாயில் சாய்ந்தாள். அந்தத் தரையை நாங்கள் எப்படிக் கூட்டினோம் என்று எனக்குத் தெரியும். அதற்குமேல் என்னால் முடியவில்லை. அவளை எழுப்பி என் கதிரையில் உட்கார வைத்தேன். அக்காவைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போய், வாசித்தது, மருத்துவமாது சொன்னது, குழாயடிக் குளிப்பு எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கொட்டினேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். மனம் நோகும் என்று நினைத்தேன். உன் பிள்ளைக்கு ஒன்றுமில்லையே என்று முதலில் கேட்டார். இல்லை என்றதும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"நங்கி, நான் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து இதுக்குக் கீழதானே இருக்கிறேன்," என்றார்.

இத்தனை நாளும் என் பிள்ளை, என் பால், என் உடுப்பு என்றே ஓடியிருக்கிறது புத்தி. அத்தனை வருடமும் அந்தக் கூரைக்குக் கீழ் இருந்தவர் பக்கம் ஒரு தரமும் அது திரும்பியதில்லை.

அன்றே அவர் அறையைப் பூட்டினார். கதிரையையும் திரைச்சீலையையும் ஈரத்துணியால் துடைத்து, கீழே எங்கள் அதிகாரியின் அறைக்கு அவரே இறக்கிவைத்தார். எங்களுக்கு அறை தேவைப்படும் நேரங்களில் அதிகாரி இப்போது கன்டீனுக்குப் போய்விடுகிறார். எங்கள் புண்ணியத்தில் ஐயா தேநீர் குடித்தே கறுத்துவிட்டார் என்று கேலி செய்கிறார்கள். கூரையை மாற்றக் கேட்டு மேலே எழுதியிருக்கிறோம். மதிப்பீடு செய்ய ஆள் வருவார்கள் என்று பதில் வந்தது. இன்னும் வரவில்லை. குரங்குகள் வருகின்றன. சத்தம் கேட்டதும் மாடியில் எல்லோரும் ஒரு கணம் மேலே பார்க்கிறோம், பிறகு குனிந்து எழுதுகிறோம். முன்பு யாரும் பார்ப்பதில்லை. இதுவும் நான் செய்த வேலைதான்.

போன வாரம் ஒரு பின்னேரம், குளித்துவிட்டு மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்காவிடமிருந்து போன் வந்தது. வேலை விஷயமாக இருக்கும் என்று நினைத்தேன். அவருடைய மகள் பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். அக்கா இன்னும் வீட்டுக்குள் போகவில்லை, கிணற்றடியில் நின்றுகொண்டு பேசுகிறார்.

"நங்கி, நீ குளிக்கிறது தலைக்குமா?"

அறை பூட்டியாயிற்று, வெட்டு இடிப்பு ஒன்றுமில்லை, இனித் தினமும் குளிக்கத் தேவையா என்று எனக்கே தெரியாது. அவருக்கு ஈளை, மூச்சிழுப்பு வேறு; இந்த நேரத்தில் தலை நனைத்தால் ஆகாது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் குடிப்பதை நிறுத்திவிட்டு, என் ஈரமான தலைமயிரைப் பிடித்து வாயில் வைத்தாள்.

"தலைக்கும்தான் அக்கா," என்றேன்.

சரி என்றார். போனை வைக்க மறந்துவிட்டார் போலும். வாளி கிணற்றில் இறங்குகிற சத்தம் கேட்டது.