பதினோராவது படம்

ஆமத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து சிவகாசிக்கு வந்து, ஒரு காலண்டர் அச்சகத்தில் டிசைன் பார்க்கிறவள் அழகுமீனா. யூடியூபைப் பார்த்து, முட்டி மோதி, ஆப் எழுதவும் கற்றுக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் முதலாளி ராஜபாண்டியன் ஒரே போடாகப் போட்டுவிட்டார்: ஏஜெண்டுகள் இனிமேல் கனத்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைய வேண்டாம், முருகனோ பிள்ளையாரோ, எல்லாப் படத்தையும் போனிலேயே காட்டி ஆர்டர் எடுக்கட்டும். ஆப்பை எழுதியது அழகுமீனா. ஆடிப்பெருக்கன்று புது ஆல்பத்துக்குப் பூஜை போடுகிற இடத்தில் ஒரு போனை வைத்துச் சந்தனம் பூசினார்கள்.

அன்றைக்கே வந்தது வினை. இருபது ஏஜெண்டுகளில் ஒச்சப்பன் கையில் மட்டும் ஆப் நிற்கவில்லை. முப்பது வருஷமாக அருப்புக்கோட்டை லைன், அந்தப் பக்கத்துக் கடைகள் அத்தனையும், அவருடையது. சீசன் தொடங்குகிற நேரத்தில் படம் காட்ட முடியாவிட்டால் அந்த லைன் அவரிடம் இருக்காது. அவர் மளமளவென்று படங்களைத் தள்ளுவார், ஆப் பொசுக்கென்று மூடிக்கொள்ளும். அழகுமீனா வாங்கி நாலு படம் தள்ளினால் சமர்த்தாக ஓடும். திரும்ப அவர் கையில் கொடுத்தால் மறுபடி மூடும். இது என்ன கூத்து? போன் நிறைந்துவிட்டதோ என்று பார்த்தாள், பாதிக்குமேல் காலி. ஆப்பை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினாள். அதே கதைதான்.

அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. மனிதர் ஆல்பம் புரட்டிய பழக்கத்தில் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத் தள்ளுகிறார். அத்தனை பேர் முன்னால் பதில் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தவளுக்கு அது போதுமே!

"எச்சி தொட்டுத் தள்ளுறீக அண்ணாச்சி. அதான் மூடிக்கிருது" என்றாள்.

மற்ற ஏஜெண்டுகள் சிரித்தார்கள். ஒச்சப்பன் விரலை வேட்டியில் துடைத்துவிட்டுத் தள்ளிப் பார்த்தார். மறுபடியும் மூடியது. தன் கைக்கு இது படியவில்லை என்று முனகிக்கொண்டே போய்விட்டார்.

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே அதில் நம்பிக்கையில்லை. ஈரம் பட்டால் திரை தடுமாறும், சரி. ஆப் எதற்கு மூட வேண்டும்? துடைத்த விரலுக்கும் மூடியதே? ஒரு வாரம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் யோசிப்பதைப் பார்த்து, பிள்ளைக்கு யாரோ என்னவோ செய்துவிட்டார்கள் என்று அம்மா முத்துமாரியம்மாள் திருநீறு பூசிவிட்டாள்.

அம்மாவின் போனும் ஒச்சப்பனுடையதைப் போலப் பழையதுதான். ஞாயிற்றுக்கிழமை அதில் ஆப்பை ஏற்றி, காய்ந்த விரலால் மெதுவாகத் தள்ளினாள். பதினோராவது படத்தில் மூடியது. மறுபடி தள்ளினாள். அதே பதினொன்று. மூன்றாவது முறையும் அங்கேதான். அன்றைக்கு அவள் நாலாவது படத்தோடு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவரோ ஒரே மூச்சில் இருபது படம் புரட்டுகிறவர்.

அச்சகத்துப் புத்தி எங்கே போகும்? படத்தைச் சின்னதாக்கினால் அங்கே பாவம் செய்த மாதிரி. அச்சுக்குப் போகிற முழுப் படத்தையே ஆப்பில் வைத்திருந்தாள். கோப்பாக மூடிக் கிடக்கும்போது அது நாலு எம்பி. திரையில் காட்ட விரித்தால் ஐம்பது. பார்த்து முடித்த படத்தையும் விடாமல் பிடித்துக்கொள்ளும்படி எழுதியிருந்தாள். போனில் எவ்வளவு காலி இருந்தால் என்ன, அது பொருளைப் போட்டுவைக்கிற இடம். எடுத்து விரித்து வேலை பார்க்கிற இடம் வேறு. அந்த ரேம் மற்ற ஏஜெண்டுகளின் புதுப் போனில் தாராளம், பழைய போனில் இரண்டே ஜிபி, பெரும்பகுதியைப் போனே பிடித்துக்கொள்ளும். மிச்சமும் தீர்ந்தால் போன் ஆப்பைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும்.

படங்களைத் திரை அளவுக்குக் குறைத்து, பார்த்ததை உடனே விட்டுவிடும்படி மாற்றினாள். முந்நூறு படமும் நிற்காமல் ஓடின. சந்தோஷம் தாங்காமல் திங்கட்கிழமை காலையிலேயே ஒச்சப்பனுக்குப் போன் போட்டாள்.

அவர் சாவகாசமாகச் சொன்னார்: சனிக்கிழமையே லைனை இன்னொரு ஏஜெண்டான பாண்டிமுருகனிடம் விட்டுவிட்டாராம். கடை கடையாகக் கூட்டிப்போய், இனி இவர்தான் வருவார் என்று சொல்லியும் ஆயிற்றாம். தான் எழுதிய ஆப்பில்தான் கோளாறு என்று அழகுமீனா திக்கித் திணறிச் சொன்னாள்.

ஒச்சப்பன் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப என் கையில ஒண்ணுமில்லியா?"

"இல்ல அண்ணாச்சி. தெரியாம வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்."

"அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னாடி சொன்ன. இதையும் அவுக முன்னாடியே சொல்லிரு தாயி."

போனை வைத்துவிட்டார். லைனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.