வாங்கெல் இறங்கும் வளைவு

பாறை வளைவு வந்ததும் வாங்கெல் பேருந்தை நிறுத்துவான். "வாடா ருஷித், உன் ஏரியா" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவான். பாலாடைக்கட்டி விற்கும் ருஷித், வாளியைப் பக்கத்தில் இருப்பவர் மடியில் வைத்துவிட்டுப் போய், வளைவு முடியும்வரை ஓட்டுவான். வாங்கெல் சிகரெட் புகைத்தபடி பின்னால் நடந்து வந்து ஏறிக்கொள்வான்.

இந்த மலைச்சாலையில் ஓடும் மூன்று பேருந்துகளும் என்னுடையவை. நான் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனால் ஆளைப் பார்த்தே எடை போடுவேன். வாங்கெலைப் போல ஓட்டுநர் மாசிடோனியா முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டான். அந்த ஒரு வளைவைத் தவிர.

2001 சண்டையில் அவன் மாசிடோனியப் படைக்கு ரொட்டி லாரி ஓட்டினான். அந்தப் பாறைக்குப் பின்னால் அல்பேனியப் போராளிகள் பதுங்கியிருந்து சுட்டார்கள். தொடையில் குண்டோடு ஓடையில் உருண்டு தப்பினான். சண்டை ஓய்ந்து, என் பேருந்தோடு முதல்நாள் அவன் அங்கே உறைந்து நின்றபோது, பின் இருக்கையிலிருந்து எழுந்தவன் ருஷித்.

"அன்னைக்கு அந்தப் பாறைக்குப் பின்னாலதான் படுத்திருந்தேன். இன்னைக்கு யாருமில்ல. நகரு, ஓட்டிக் காட்டறேன்."

அன்று தொடங்கிய வழக்கம்.

"ஒரு லாரி ரொட்டியத் தின்னீங்களேடா, ஒரு நன்றி உண்டா?"

"ரொட்டியாடா அது? கல்லு! என் கடவாப்பல்லு போச்சு!"

இதைக் கேட்கவே பாதிப் பேர் என் பேருந்தில் ஏறுகிறார்கள்.

போன ஞாயிறு ருஷித்தின் மகளுக்குக் கல்யாணம். பெண்ணை அழைத்துவர மாப்பிள்ளை வீட்டார் மேளம் முழங்க என் பேருந்தில் ஏறினார்கள். வளைவில் வண்டி நின்றது, மேளமும் நின்றது. பெண்ணின் அப்பன் வரவேற்க வீட்டு வாசலில் அல்லவா நிற்கவேண்டும்? ஓட்ட ருஷித் இல்லை. வாங்கெல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பாறையையே பார்த்தான். நானும் வண்டியில்தான் இருந்தேன்; என் முட்டி மட்டும் மடங்கியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியிருப்பேன்.

"மொதலாளி, பொண்ணுக்கு நரை விழுந்துடப் போவுது!" மாப்பிள்ளையின் சித்தப்பா கத்தினார்.

மேளம் நின்றது காதில் விழுந்துவிட்டது போலும். புதுக் கோட்டோடு ருஷித் மேலே இருக்கும் வீட்டிலிருந்து ஓடிவந்து கதவைத் திறந்தான். "நகருடா."

"அறிவிருக்கா?" என்றான் வாங்கெல். " பொண்ணக் கூட்டிட்டுப் போற வண்டிய அப்பனே ஓட்டிட்டு வந்தா, சாகறவரைக்கும் ஊரு உன்னப் பாத்துச் சிரிக்கும். எறங்கு!"

"அப்ப யாரு ஓட்டுவா?"

வாங்கெல் கியரைப் போட்டு, ஹாரனில் வைத்த கையை எடுக்காமலே வண்டியை நகர்த்தினான். மேளக்காரர்கள் அந்தச் சத்தத்துக்கே தாளம் பிடித்தார்கள்.

ருஷித் பேருந்துக்கு முன்னால் ஓடினான். பாறையை ஒட்டி, எங்களைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தான், இரண்டு வெறுங்கைகளையும் விரித்து உயரத் தூக்கிக் காட்டிக்கொண்டு.