பூட்டி வைத்த வரைபடம்

அந்தக் கண்டோன்மென்ட் பங்களாவின் பதினோரு சன்னல்களில் ஒன்று மட்டும் நான்கு அங்குலம் குறுகல். எங்கள் அலுவலகத்தின் தலைமை வரைவாளர் அதைக் கண்டுபிடித்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் நான். ஒன்றை அளந்து, அதையே மற்றவற்றுக்கும் போட்டுவிடலாமே என்று கேட்டிருந்தேன். அவருக்குச் சுர்ரென்று ஏறியது. "அண்ணன் தம்பின்னா ஒரே மூஞ்சின்னு எழுதிடுவியாம்மா? ஒண்ணொண்ணா அள!" என்றார்.

ஸ்ரீராம்புரத்திலிருந்து பஸ் மாறிப் போய் மூன்று மாதம் அளந்தேன். சுண்ணாம்புச் சுவரின் விரிசல்கூட அவர் தாளில் ஏறியது. பங்களாவை வாங்கிய கம்பெனிக்காரர்கள், பழுதுபார்க்கத்தான் வரைபடம் கேட்கிறோம் என்று சத்தியம் செய்தார்கள். சார் நம்பவில்லை. "தாள் கைக்கு வந்துட்டா, கட்டடம் எதுக்குன்னு கேப்பானுங்க. இடிக்க மாட்டோம்னு எழுதிக் குடுக்கட்டும்" என்று சொல்லி பீரோவில் வைத்துப் பூட்டினார். அவர் லீவில் இருந்த வாரம் கம்பெனி மேனேஜர் வந்தார். "மேடம், வேலை நிக்குது, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று, கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்லி, கன்னடம் கலந்து இனிக்க இனிக்கப் பேசினார். மண்டு நான், மேசை இழுப்பறையிலிருந்த சாவியை எடுத்துத் திறந்து கொடுத்துவிட்டேன்.

பாவிகள்! சார் திரும்பி வருவதற்குள் பங்களா தரைமட்டம். பிறகு அவருடைய வரைபடத்தை வைத்தே முன்பக்கத்தை கான்கிரீட்டில் எழுப்பினார்கள். அதன் பின்னால் பன்னிரண்டு மாடிக்குக் கண்ணாடி. சன்னல்கள் பதினொன்றும் ஒரே அகலம். பங்களாவைக் காப்பாற்றியவர் என்று வாசல் கல்லில் அவர் பெயரை வேறு வெட்டியிருந்தார்கள். அதை எடுக்கச் சொல்லி அவர் கெஞ்சினார். கௌரவம்தானே சார் என்று சிரித்தார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

"நான்தாம்மா பீரோவைப் பூட்ட மறந்துட்டேன் போல" என்றார் என்னிடம். சாகும்வரை அதையே சொல்லித் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தார். ஒருநாளும் நான் வாயைத் திறக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போனேன். பழைய கட்டடங்களையும் சுவரோவியங்களையும் சுற்றிக் காட்டும் கூட்டமொன்று அங்கே நின்றிருந்தது. நூறு வருஷச் சுவர், தொட்டுப் பாருங்கள் என்றான் வழிகாட்டி. அவர்களும் பயபக்தியோடு கான்கிரீட்டைத் தடவினார்கள். கல்லிலிருந்த சாரின் பெயரை அவன் உரக்கப் படித்ததும் கை தட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நிறுத்துப்பா! அந்த மனுஷன் எதையும் காப்பாத்தல, காப்பாத்த அவரை யாரும் விடல!" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆன்ட்டி, நீங்க அவருக்குச் சொந்தமா?" என்றான் அவன்.

"இல்ல. அவர் பூட்டி வெச்சதைத் திறந்து குடுத்தவ."