வலப்பக்கம் விரிந்த பந்தல்

பெட்டியைப் பிரித்ததும் இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஷார்ஜாவிலிருந்து மகன் கார்கோவில் அனுப்பிய மடக்குப் பந்தல் அது. வேனின் கூரையோரம் நீளப் பையாகக் கிடக்கும். ஜிப்பைத் திறந்து கம்பிகளை இழுத்தால் பின்மூலையிலிருந்து விசிறி மாதிரி விரிந்து, வண்டியின் ஒரு பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து நிழலாக்கும். சுற்றித் தொங்கவிடத் தடித்த திரைகளும் இருந்தன. எல்லாம் முதல் தரம். ஆனால் அது வலப்பக்கத்தில் மாட்டுகிற பந்தல்.

அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும், ஆட்களும் வலப்பக்கம்தான் இறங்குவார்கள். மகன் வாங்குமுன் படம் அனுப்பிக் காட்டினான். அதே வலப்பக்க ஓட்டமுள்ள சவூதியில் டிரைவர் வேலை பார்த்துப் பாதி வயதைத் தொலைத்த என் கண்ணுக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் வேனுக்குக் கதவு இடப்பக்கம் என்பது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

ஊர் சுற்றுகிற குஷியில் வாங்கிய சாமான் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். என் மனைவிக்கு வெயில் ஆகாது. தலைவலி, மயக்கம் என்கிற ஆகாது இல்லை. வெயில் பட்டால் தோல் தடித்துச் சிவந்து, காய்ச்சல் கண்டு, மூட்டெல்லாம் வீங்கி, கடைசியில் கிட்னியில் கை வைக்கிற நோய். உடம்பே உடம்பைப் பகையாளி என்று நினைத்துக்கொள்கிறது என்றார் மதுரை டாக்டர். இராமநாதபுரம் மாவட்டத்தில் வெயில் இல்லாத இடம் எது சார் என்று நான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

பெரியபட்டினத்தில் எங்கள் வீட்டு ஜன்னல்களுக்கு இரட்டைத் திரை. படகுக்காரர் மகள் அவள். கடற்கரையில் ஓடித் திரிந்து வளர்ந்தவள் பகல் முழுக்க அந்தத் திரைக்குப் பின்னால் கிடந்தாள். மஃரிப் தொழுதுவிட்டு, இருட்டிய பிறகு கரைக்குக் கூட்டிப் போவேன். கொஞ்ச நாளில் அதையும் வேண்டாமென்றுவிட்டாள். "இருட்டுல சத்தந்தான் கேக்குது. கடலக் காணோமே மச்சான்" என்றாள்.

கிட்னி இனித் தாங்காது, அடுத்த மாதம் டயாலிசிஸ் தொடங்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, மதுரையிலிருந்து திரும்பும் வழியில், பரமக்குடி தாண்டி அவள் பேசினாள்.

"மெஷின்ல கட்டிப் போடுறதுக்கு முந்தி ஒருக்கா தனுஷ்கோடி போய்ட்டு வந்துருவமா?"

நிக்காஹ் முடிந்து நான் வந்த முதல் லீவில் அங்கே போயிருந்தோம். அப்போது ரோடு கிடையாது, மணலில் உருண்டு புரண்டு போகிற வேன்தான். திரும்பவும் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு சவூதிக்குப் போனேன். அடுத்தடுத்த லீவுகளில் சொந்தத்தில் கல்யாணம், மகனுக்குக் கத்னா என்கிற சுன்னத்து, வீடு கட்டுகிற வேலை. தார் ரோடு போட்டார்கள், நானும் ஒரேயடியாக ஊர் திரும்பினேன், கூடவே இந்த நோயும் வந்தது. இருட்டிய பிறகு கூட்டிப் போகலாமென்றால் அங்கே அது நடக்காது. சாயங்காலத்துக்குள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு வழியை அடைத்துவிடுவார்கள். மரமும் இல்லை, கூரையுள்ள கட்டடமும் இல்லை. போனால் வெயிலில்தான் போக வேண்டும்.

அதனால்தான் பந்தல். வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்த வேனில் பின் சீட்டுகளைக் கழற்றிக் கட்டில் போட்டேன். ஃபேன், தண்ணீர் டிரம், சின்ன அடுப்பு, ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன். கடைசியில் இந்தப் பந்தல் வலப்பக்கத்துக்கு வந்து நின்றது.

இராமநாதபுரத்தில் தெரிந்த வெல்டிங் பட்டறைக்குக் கொண்டு போனேன். "கவுத்து மாட்டிப் பாப்பம் பாய்" என்றார் பட்டறைக்காரர். இடப்பக்கத்தில் கவிழ்த்து மாட்டினால் துணி அடியிலும் கம்பி மேலேயும் வந்தது. நடுவில் தொய்ந்து தொங்கியது, மடக்கினால் மடங்கவில்லை. நான் அவரைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். அவர் பாவம் என்ன செய்வார்? டீ வாங்கிக் கொடுத்து என்னை உட்கார வைத்தார். புதிதாக ஒன்று வரவழைக்க நாளில்லை. வலப்பக்கத்திலேயே இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டு முறுக்கினோம்.

"பின்னாடி கதவத் தொறந்து அம்மாவ எறக்குங்க பாய். அங்கனயும் நெழலு வருதுல்ல" என்றார் அவர்.

அட, இது நமக்குத் தோன்றவில்லையே என்று விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவளிடம் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

அந்த வேனை நான்தான் ஓட்டினேன், ஆகவே மறந்திருந்தேன். அவள் மறக்கவில்லை. வெளிநாட்டில் மௌத்தாகிப் போனவர்களின் உடலை ஏர்போர்ட்டிலிருந்தும், மதுரை ஆஸ்பத்திரிகளிலிருந்தும், ஊருக்குக் கொண்டு வந்தது அதே வேன்தான். சீட்டை மடக்கி, பின் கதவு வழியாக ஏற்றி, பின் கதவு வழியாகவே இறக்குவோம். எங்கள் தெருவில் அது தெரியாத ஆள் கிடையாது.

"பின் கதவால எறக்குறது மையத்த. நான் நடந்து எறங்குவேன்" என்றாள்.

"நாலு எட்டு வெயில்ல சுத்தி வரணும்."

"சுத்தி வாரேன்."

போன பெருநாளைக்குத் தெருமுனையிலிருந்து வீட்டுக்கு நடந்த நடைக்கே அவள் காய்ச்சலில் படுத்ததை நான் பார்த்திருந்தேன். கத்தினேன், கெஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மகன் வீடியோவில் வந்தான். பந்தலை விரித்துக் காட்டச் சொன்னான். கதவு கண்ணில் படாதபடி போனைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினேன்.

"வாப்பா, எப்பிடி இருக்கு?"

"ஜம்முன்னு இருக்கு" என்றேன்.

ஆடி மாதம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று ஆளைத் தள்ளுகிற காலம். கச்சான் ஓயட்டும், புரட்டாசியில் போ என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். அவள் கால் வீக்கம் புரட்டாசிவரை காத்திருக்குமா என்று ஒருவரும் சொல்லவில்லை.

விடியும் முன்பே கிளம்பினோம். மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலத்தில் ஏறும்போது வெளுத்துவிட்டது. கறுப்புத் திரைக்குப் பின்னால் இருந்தவளுக்குப் பாலத்தின் அதிர்வு மட்டும் தெரிந்தது. "பாலமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இராமேஸ்வரத்தைச் சுற்றிக்கொண்டு, தடுப்பைத் திறந்ததும் உள்ளே போனோம். இடிந்த கட்டடங்களைத் தாண்டியதும் ரோட்டின் வலது ஓரத்தில், மணல் இறுகிய இடமாகப் பார்த்து நிறுத்தினேன்.

உர மூட்டைச் சாக்குகளில் மணலை அள்ளி நிரப்பி, பந்தலின் கால்களை அவற்றோடு சேர்த்துக் கட்டினேன். மூன்று பக்கத்துக்குத் திரை தொங்கவிட்டேன். கடலைப் பார்த்த பக்கத்தை மட்டும் திறந்து வைத்தேன். காற்று துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு முடிச்சையும் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.

இடப்பக்கக் கதவைத் திறந்தேன். காலை வெயில் நேராக அந்தக் கதவில்தான் அடித்துக்கொண்டிருந்தது. புர்கா, கையுறை, அதற்கு மேல் ஒரு போர்வை. குடையை விரித்த கையோடு காற்று அதை மடக்கிப் பிடுங்கிக்கொண்டு போனது. அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தேன். வீங்கிய காலோடு அவள் மெதுவாகத்தான் நடந்தாள். ஓடு, ஓடு என்று மனசுக்குள் கத்தினேன். வேன் இவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பந்தலுக்குள் நாற்காலியில் உட்கார்ந்ததும் முகத்திரையைத் தூக்கினாள். எதிரே கடல் கொந்தளித்துக்கொண்டு கிடந்தது. எங்கள் பக்கத்தில் ஆண் கடல் என்று சொல்வது இதைத்தான். ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன், வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். அழுகிறாளா என்று பார்த்தேன். இல்லை, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். யா அல்லாஹ், போதும், இது போதும் என்று நினைத்தேன்.

காற்று அப்போதுதான் அடிவழியாகப் புகுந்தது. ஒரு சாக்கு உருண்டது. பந்தலின் கால் ஒன்று மணலைவிட்டுக் கிளம்பியது. நான் பாய்ந்து கம்பியைக் கட்டிப் பிடித்தேன். விளிம்புத் தையல் விட்டு, துணி கிழிகிற சத்தம் மேலே ஓடியது. அவள் மடியில் வெயில் விழுந்தது.

"உள்ள போ, உள்ள போயிரு" என்று கத்தினேன். கதவு அந்தப் பக்கம் இருந்தது. கம்பியை விட்டால் முழுப் பந்தலும் அவள் தலையில் வந்து விழும். "பின் கதவு தொறந்துதான் இருக்கு, அதுல ஏறு. ஏறுறதுதானே, எறங்கலயே. என் ராசாத்தி, ஏறு."

எழுந்தாள். பின் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். டீயை மணலில் வைத்துவிட்டு நேரே கடலைப் பார்க்க நடந்தாள்.

நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அதட்டினேன். கம்பியைப் பிடித்தபடியே அழுதேன். பந்தல் எட்டுகிற தூரம்தான் நிழல். கடல் முழுக்க வெயிலில் கிடந்தது. வாரக்கணக்கில் ஓடி அலைந்த எனக்கு அது அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கும்.

கணுக்கால் தண்ணீரில் நின்றாள். கையுறையைக் கழற்றினாள். குனிந்து தண்ணீரை அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டாள். திரும்பி வரும்போது அலை தெறித்து உடம்பெல்லாம் நனைந்திருந்தது. என்னைத் தாண்டி, பின் கதவைத் தாண்டி, வண்டியைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போய் ஏறினாள்.

"அந்தக் கம்பிய விட்டுட்டு வாங்க, போவோம்" என்று உள்ளேயிருந்து சொன்னாள்.

காய்ச்சல் வந்தது, தணிந்தது. மெஷினோடு சில மாதம் போனது. கச்சான் மாறிக் கிழக்கேயிருந்து கொண்டல் வீசத் தொடங்கிய பிறகு, மதுரை ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. அந்த வெயில் காரணமில்லை என்றார் டாக்டர். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

வேறு வண்டி வேண்டாமென்று நானே ஓட்டி வந்தேன். வீட்டு வாசலில் ஜமாஅத்து ஆட்கள் வழக்கம்போலப் பின்பக்கம் போய் நின்றார்கள். இடப்பக்கக் கதவைத் திறங்கள் என்றேன். ஸ்ட்ரெச்சர் திரும்பாதே என்றார் ஒருவர். திருப்புங்கள் என்றேன். படியில் இடித்து, சாய்த்து, மூச்சு வாங்கித்தான் இறக்கினார்கள்.

ஷார்ஜாவிலிருந்து வந்திருந்த மகன், அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் வெகுநேரம் வேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கூரையோரம் கிழிந்த துணி ஆடிக்கொண்டிருந்தது. அதையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகம் போன போக்கு எனக்குத் தாங்கவில்லை.

"வாப்பா, பக்கத்த மாத்தி அனுப்பிட்டனா?"

"இல்லப்பா, சரியாத்தான் அனுப்புன. கடல் அந்தப் பக்கந்தான் இருந்துச்சு" என்றேன்.